ராயபுரத்தில் மூன்று நாள்: நல்ல சாப்பாட்டையும் உட்கார ஒரு பாரையும் எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்டிருப்பவர் திருநெல்வேலிக்காரர். அலுவலக வேலையாக வியாழன் காலை வந்து ஞாயிறு மதியம் திரும்புகிறார், ராயபுரத்தில் தங்குகிறார். கூட வருகிற சக ஊழியர் ஒரு பெண், சைவம். வடசென்னையில் இருவருக்கும் தெரிந்தவர் யாருமில்லை. நல்ல ஓட்டல்கள் எங்கே, மாலையில் உட்கார்ந்து ஒரு பீர் குடிக்க மரியாதையான பார் உண்டா, போனில் காட்டுகிற ஸ்டார்களை நம்பலாமா என்று கேட்கிறார். கேள்வியைப் படித்தால் பெயர்ப் பட்டியல் கேட்பதுபோல இருக்கிறது. ஆனால் அவருக்கு உண்மையில் வேண்டியது, பழக்கமில்லாத தெருவில் ஒரு கடை முன்னால் நிற்கும்போது உள்ளே போகலாமா வேண்டாமா என்று தானே முடிவெடுக்கிற வழி என்றுதான் எனக்குப் படுகிறது. அதற்குப் பதில் சொன்னால் மூன்று நாளும் ஓடும், அடுத்த முறை வரும்போதும் பயன்படும். பெயர்களும் இரண்டு மூன்று சொல்கிறேன்.

நான் ஜார்ஜ் டவுனில் மளிகை மொத்த வியாபாரத்தில் இருப்பவன். ஓட்டல்களுக்கு அரிசி, எண்ணெய், பருப்பு, மசாலாச் சரக்கு போடுவது என் லைன். பாரிமுனையிலிருந்து எண்ணூர் வரை பல கடைகளுக்குப் பின்வாசல் வழியாகத்தான் போய் வருகிறேன். அதனால் எந்தக் கடைக்கு என்ன அரிசி போகிறது, எண்ணெய் டின் எத்தனை நாளைக்கு ஒருமுறை காலியாகிறது, யார் கையில் காசு கொடுத்து அன்றாடம் வாங்குகிறார், யார் ஒரே தடவையில் வாங்கி அடுக்கிவைக்கிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ருசி விஷயத்தில் என் நாக்குக்குத் தனி அதிகாரம் எதுவும் கிடையாது. கீழே சொல்வதில் சரக்கைப் பற்றியதை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள், ருசியைப் பற்றியதை ஒரு உள்ளூர்க்காரரின் விருப்பமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உறுதியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கடையை நம்பலாம் என்பதற்கு நான் பார்த்தவரை சரியான அடையாளம், சமைத்தது எவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்பதுதான். நாலைந்து வகை மட்டும் போட்டு, அன்றைய சரக்கை அன்றே வாங்கி, மூன்று மணிக்குப் போனால் "முடிஞ்சுபோச்சுண்ணே" என்று கையை விரிக்கிற கடையில் பழைய சோறு இருக்க வழியே இல்லை. நூற்றைம்பது வகை அச்சடித்த மெனு அட்டையை நீட்டி, எந்த நேரம் போனாலும் எல்லாம் இருக்கிறது என்கிற கடையில் ஃப்ரீசர் பெரியதாக இருக்கும், கிரேவி முதல் நாளே செய்யப்பட்டிருக்கும். அதுவே தவறு என்று சொல்லமாட்டேன், ஒழுங்காகக் குளிரில் வைத்துச் சூடாக்கித் தருகிறவர்களும் உண்டு. ஆனால் வெளியூர்க்காரர் அதை வெளியிலிருந்து சோதிக்க முடியாது. தீர்ந்துபோகிற கடையை எல்லோராலும் கண்டுபிடிக்க முடியும்.

இதிலிருந்துதான் வடசென்னையில் சாப்பிடுவதற்கான முக்கியமான விஷயம் வருகிறது. இங்கே ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு நேரம் உண்டு, அந்த நேரத்தைத் தீர்மானிப்பது அந்தப் பகுதி மக்களின் வேலை. துறைமுகம், மீன்பிடி, ரயில்வே, நீதிமன்றம், மொத்த வியாபாரம் என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வேலை இருக்கிறது, அந்த வேலை ஆட்கள் பசியோடு வருகிற நேரத்துக்குத்தான் அடுப்பு எரியும். தி.நகரிலோ அண்ணாநகரிலோ பழகியவர்கள் இங்கே வந்து இரவு எட்டு மணிக்கு "மீன் சாப்பாடு எங்கே கிடைக்கும்" என்று தேடிவிட்டு, ஒன்றுமே இல்லை என்று திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். மீன் குழம்பும் சோறும் மதியத்துக்கு உரியவை. பன்னிரண்டரைக்குப் போயிருந்தால் அதே தெருவிலேயே இரண்டு கடை கிடைத்திருக்கும்.

காலையிலிருந்து பார்ப்போம். காசிமேட்டில் விடியுமுன்பே மீன் ஏலம் தொடங்கிவிடுகிறது, அதனால் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கம் டீக்கடையும் இட்லிக் கடையும் சீக்கிரமே களைகட்டும். வீட்டு வாசலில் அடுப்பு வைத்து இட்லி, ஆப்பம், வடை விற்கிற அக்காமார் கடைகள்தான் இந்த நேரத்து ராஜ்ஜியம். பெயர்ப் பலகை கிடையாது, போன் வரைபடத்தில் இருக்காது, ஒன்பதரைக்கெல்லாம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். இட்லிக் கடையை எடைபோட ஒரு வழி சொல்கிறேன்: சட்னி எந்தப் பாத்திரத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள். சின்னப் பாத்திரமாக வைத்து, தீரத் தீர அரைத்துக் கொண்டுவந்து ஊற்றினால் நல்லது. விடியற்காலையில் வாளி நிறையக் கரைத்து வைத்த தேங்காய்ச் சட்னி வெயில் ஏறினால் புளிக்கத் தொடங்கிவிடும்.

மதியத்துக்கு உங்கள் இருவருக்கும் வசதியான இடம் பாரிமுனை. உயர்நீதிமன்றம், வங்கிகள், கப்பல் ஏஜென்சிகள் எல்லாம் அங்கே இருப்பதால் வக்கீல் குமாஸ்தாவும் வங்கி ஊழியரும் தினமும் சாப்பிடுகிற சைவச் சாப்பாட்டுக் கடைகள் தம்புச்செட்டித் தெரு, லிங்கிச்செட்டித் தெருப் பக்கம் நிறைய உண்டு. தினசரி வாடிக்கையாளரை நம்பி நடக்கிற கடை ஒரு நாள் சாம்பார் கெட்டாலும் மறுநாள் பேச்சு வாங்கும், அந்தப் பயமே நமக்குப் பாதுகாப்பு. ஒரு எச்சரிக்கை: ஞாயிற்றுக்கிழமை பாரிமுனை அடங்கிப்போய்விடும், அலுவலகம் இல்லாததால் சாப்பாட்டுக் கடைகளும் பல மூடியிருக்கும். அதேபோல மண்ணடியில் பாய் கடைகளைத் தேடிப் போனால் வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தைத் தவிர்த்து, தொழுகை முடிந்தபின் போங்கள். ரம்ஜான் மாதத்தில் பகலில் அடைத்திருக்கிற கடைகள் நோன்பு திறந்தபின் நள்ளிரவு தாண்டியும் ஓடும்.

மாலை நாலரை, ஐந்துக்குச் சௌகார்பேட்டை. சைவம் சாப்பிடுகிற உங்கள் தோழி இந்த ஊரில் எங்காவது ராணிபோல உணரவேண்டும் என்றால் தங்கசாலைத் தெருவில்தான். குஜராத்தி, மார்வாடிக் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கிற இடம். சூரியன் மறைந்தபின் சாப்பிடாத சமணர்கள் நிறையப் பேர் இருப்பதால் பலகாரக் கடைகளில் வெளிச்சம் இருக்கும்போதே கூட்டம் சேரும். வெங்காயம், பூண்டு இல்லாத பாவ் பாஜியைக்கூடக் கேட்டு வாங்கலாம். காகடா ராம்பிரசாத் கடையில் நெய்யில் பொரித்த ஜிலேபியும் பாதாம் பாலும் தவறவிடக்கூடாதவை. முறுக்கை ரொட்டிக்குப் பதிலாக வைத்து, நடுவே வெள்ளரி, தக்காளி, புதினாச் சட்னி அடுக்கித் தருகிற முறுக்கு சாண்ட்விச் இந்தத் தெருவின் கண்டுபிடிப்பு என்றே சொல்லலாம், தமிழ்நாட்டு முறுக்கும் வடநாட்டுச் சட்னியும் இவ்வளவு இயல்பாகச் சேர்ந்த இன்னொரு பண்டம் எனக்குத் தெரியாது. அப்படியே நடந்து என்.எஸ்.சி. போஸ் சாலைக்கு வந்தால் சீனா பாய் டிபன் சென்டர். மாலையில்தான் திறப்பார்கள், நெய் ஊத்தப்பமும் நெய் பொடி இட்லியும்தான் விசேஷம். நின்றுகொண்டே சாப்பிட வேண்டியிருக்கும், நெய் தாராளமாக இருக்கும். அன்று இரவு வேறு எதுவும் வேண்டியிருக்காது.

அங்கிருந்து கடற்கரை ரயில் நிலையப் பக்கம் வந்தால் அத்தோ, பர்மா வழி வந்த நூடுல்ஸ். இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச ஆசைப்படுகிறேன், ஏனென்றால் வடசென்னைக்கே உரிய சாப்பாடு எது என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். பர்மாவில் 1962இல் ராணுவ ஆட்சி வந்து, அடுத்த இரண்டு வருடத்தில் வியாபாரங்கள் அரசுடைமை ஆனபோது, தலைமுறைகளாக அங்கே இருந்த தமிழர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தார்கள். வியாசர்பாடி போன்ற இடங்களில் குடியமர்ந்தார்கள், துறைமுகத்துக்கு எதிரே அவர்களுக்காக 1969இல் பர்மா பஜார் உருவானது. அவர்கள் கையோடு கொண்டுவந்த ருசிதான் அத்தோ. தடித்த நூடுல்ஸ், நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பேஜோ என்கிற பொரித்த மொறுமொறுப் பலகாரத்தை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். பக்கத்தில் வாழைத்தண்டு சூப்பு ஒரு கிண்ணம். அவித்த முட்டையைக் கீறி, உள்ளே வறுத்த வெங்காயமும் புளித்தண்ணீரும் வைத்த முட்டை மசாலாவை ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். சைவக்காரர் முட்டையும் இறைச்சியும் இல்லாமல் கேட்டு வாங்கலாம், ஆனால் சூப்பில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று கடைக்குக் கடை கேட்டுக்கொள்வது நல்லது. ராயபுரத்திலிருந்து கடற்கரை நிலையம் மின்சார ரயிலில் அடுத்த ஸ்டாப். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது உங்கள் ராயபுரம் நிலையத்திலிருந்துதான், ஏறும்போது அந்தப் பழைய கட்டடத்தை ஒரு பார்வை பாருங்கள்.

அத்தோ கடைகள் வரிசையாக இருக்கும், எதில் நிற்பது? இதற்கும் அதே சோதனைதான். நூடுல்ஸ் குவியல் சின்னதாக, அடிக்கடி புதிதாகக் கொட்டப்படுகிற கடை. பேஜோ அடுக்கு உயரமாக இருந்து குறைந்துகொண்டே வருகிற கடை. சூப்பு ஆவி பறக்கக் கொதித்துக்கொண்டே இருக்கிற கடை. கையால் பிசைகிறவர் காசை வாங்கக் கூடாது, காசு வாங்க இன்னொரு ஆள் இருக்க வேண்டும். இந்த ஒன்று மட்டும் சரியாக இருந்தாலே பாதி நம்பிக்கை வந்துவிடும்.

இரவு எட்டுக்கு மேல் பரோட்டா, கறி தோசை, ஈரல், குடல் வறுவல் என்று வேறு ஒரு உலகம். வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் பீஃப் சில்லியும் பீஃப் பிரியாணியும் சுடச்சுடக் கிடைக்கும். விலை குறைவு, விற்பனை வேகம், ருசி கெட்டி. வெளியே பேசுகிறவர்கள் இந்தக் கடைகளை ஏனோ விட்டுவிடுகிறார்கள். உழைத்துக் களைத்து வருகிறவர்கள் குடும்பத்தோடு நின்று சாப்பிடுகிற கடைகள் இவை, வடசென்னையைச் சாப்பாட்டின் வழியாகத் தெரிந்துகொள்ள விரும்பினால் ஒருநாளாவது இங்கே நில்லுங்கள் என்று அழுத்திச் சொல்வேன்.

பிரியாணிக்கு வருகிறேன், இது என் சரக்கு. நல்ல பிரியாணிக்குப் பழைய அரிசி வேண்டும். அறுவடையாகி ஒரு வருடமாவது ஆன பாஸ்மதியோ சீரகச்சம்பாவோ உதிரி உதிரியாக வரும், புது அரிசி குழையும். பழைய அரிசிக்கு விலை கூடுதல் என்பதால் கடைக்காரரின் மனசு அரிசியில்தான் தெரியும். அதனால் புதுக் கடையில் முதலில் குஸ்கா வாங்கிப் பாருங்கள். கறித்துண்டு இல்லாத வெறும் பிரியாணிச் சோறு அது, விலையும் குறைவு. அது தனியாகவே ருசித்தால் மசாலாவும் கறிச்சாறும் சோற்றில் இறங்கியிருக்கிறது, மட்டன் வாங்கலாம். குஸ்கா நிறமும் எண்ணெயுமாக மட்டும் இருந்தால் அதோடு எழுந்துவிடலாம். நேரமும் முக்கியம்: பன்னிரண்டு மணி வாக்கில் தம் உடைக்கும்போது, அதாவது மூடி வைத்து வேகவைத்த அண்டாவைத் திறக்கும்போது, போனால் அண்டாவின் நல்ல பாகம் கிடைக்கும். மூன்றரைக்குப் போனால் அடியில் இருப்பதுதான். மாலையில் இரண்டாவது அண்டா இறக்குகிறார்களா அல்லது மதியத்து அண்டாவையே சூடாக்குகிறார்களா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. "ராத்திரிக்கு எப்ப தம் உடைப்பீங்க பாய்" என்றால் நேரத்தைச் சொல்லிவிடுவார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டவருக்குக் கொஞ்சம் கவனித்தே போடுவார்கள் என்பதும் நடைமுறை.

மீனைப் பொறுத்தவரை காலண்டரைப் பார்க்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. அந்த நேரத்தில் கரையோரம் போகிற சின்னப் படகுகள் கொண்டுவருகிற மீன்தான் உள்ளூர்ச் சரக்கு, பெரிய வஞ்சிரம் பெரும்பாலும் வெளியூரிலிருந்தோ குளிர்பதனத்திலிருந்தோ வரும். தடைக்காலத்தில் வந்தால் வஞ்சிரத்தைத் தேடாமல், நெத்திலி, மத்தி, சங்கரா என்று அன்றைக்கு என்ன வந்ததோ அதைக் கேட்டுச் சாப்பிடுங்கள். மற்ற மாதங்களிலும் "இன்னைக்கு என்ன மீன்" என்று கேட்பதுதான் நல்ல கேள்வி. மெனுவைப் பார்த்து மீனைச் சொல்கிறவரைவிட, அன்றைய மீனைக் கேட்டுச் சொல்கிறவருக்கு நல்ல துண்டு வரும். வறுவலுக்கு மசாலா தடவி வெளியே அடுக்கி வைத்திருந்தால் நெருங்கிப் பாருங்கள், மசாலாவுக்கு அடியில் சதை விறைப்பாக இருக்கவேண்டும், ஓரம் காய்ந்திருக்கக்கூடாது. வாசனையில் கடல் இருக்கலாம், அம்மோனியா நெடி இருக்கவே கூடாது. விலையை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், மீன் அளவைப் பொறுத்து விலை மாறும் என்பதால் பின்னால் சங்கடம் வேண்டாம்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை, இதை யாரும் சொல்வதில்லை. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அதில் சேருகிற கெட்ட பொருள்களுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 முதல் 25 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அதை நாம் கண்ணால் அளக்க முடியாது, ஆனால் அறிகுறிகளைப் பார்க்கலாம். எண்ணெய் டீ டிகாக்‌ஷன்போலக் கறுத்திருப்பது, பண்டத்தைப் போட்டு எடுத்தபின்னும் நுரை அடங்காமல் இருப்பது, காய்வதற்குள் புகைவது, பக்கத்தில் நின்றாலே தொண்டையில் பிசுக்கென்று ஒட்டுவது. இதில் இரண்டு இருந்தாலே பஜ்ஜி வேண்டாம், சிக்கன் 65ம் வேண்டாம். பளீரென்ற சிவப்பில் இருக்கிற சிக்கனையும் விட்டுவிடுங்கள். மிளகாய் அந்த நிறத்தைத் தராது, செயற்கை நிறம் அதில் சேர்க்க அனுமதியும் இல்லை. ஷவர்மா சாப்பிடுகிறவரானால், பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த வெள்ளைச் சட்னியைத் தவிர்த்துவிடலாம்.

இனி சந்தேகமான அடையாளங்கள். கூட்டம் என்பது எல்லோரும் சொல்கிற அடையாளம், ஆனால் அது பாதிதான் உண்மை. போன வாரம் யாரோ வீடியோ போட்டதால் வந்த கூட்டமும் கூட்டம்தான். கையில் போனைப் பிடித்துக்கொண்டு படமெடுக்கிறவர்கள் அதிகமா, டிபன் கேரியரோடும் தூக்குப் பாத்திரத்தோடும் நிற்கிற உள்ளூர்க்காரர்கள் அதிகமா என்று பாருங்கள். பாத்திரத்தோடு வருகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்கள், அவர்களை நம்பலாம். பழைய கடை என்பதும் உறுதியான அடையாளம் கிடையாது. பெயர் அப்படியே இருக்கும், மாஸ்டர் போயிருப்பார், உரிமையாளரும் மாறியிருப்பார். ஏசி, கண்ணாடிக் கதவு, பளபளப்பு இவற்றுக்கும் சமையலறைக்கும் நேரடித் தொடர்பு எதையும் நான் பின்வாசலில் பார்த்ததில்லை. பதினான்கு இலக்க உணவு உரிமம் எண் பில்லிலும் சுவரிலும் இருந்தால் பதிவு செய்த கடை என்று அர்த்தம், குறை சொல்ல ஒரு பிடி கிடைக்கும். அதற்குமேல் அது சான்றிதழ் ஆகாது. உரிமம் எண் ஒட்டாத இட்லிக்கார அக்காவின் கை சுத்தமாக இருப்பதும் உண்டு.

ஸ்டார்களைப் பற்றிக் கேட்டீர்கள். நான் இப்படித்தான் பயன்படுத்துவேன். மொத்த மதிப்பெண்ணைப் பார்க்கமாட்டேன். கடைசி இரண்டு மாதத்தில் வாடிக்கையாளர்கள் எடுத்த படங்களை மட்டும் பார்ப்பேன், கடைக்காரர் போட்ட படங்களை விட்டுவிடுவேன். சோறு எப்படி விழுந்திருக்கிறது, கறித்துண்டின் அளவென்ன, மேசை எப்படியிருக்கிறது என்று படமே சொல்லும். ஐந்து ஸ்டார், ஒரு ஸ்டார் இரண்டையும் தாண்டி, மூன்று ஸ்டார் கொடுத்தவர் எழுதியதைப் படிப்பேன், அவர்தான் எது நன்றாயிருந்தது எது சரியில்லை என்று பிரித்துச் சொல்வார். ஒரே கடைக்கு வேறு வேறு ஆட்கள் ஒரே பண்டத்தைப் பெயர் சொல்லிப் பாராட்டியிருந்தால் அந்தப் பண்டத்தை மட்டும் போய்ச் சாப்பிடுவேன். தேடும்போது "நல்ல ஓட்டல்" என்று தேடாமல் பண்டத்தின் பெயரைத் தமிழில் போட்டுத் தேடினால் வேறு கடைகள் வரும். ஆனால் வடசென்னையின் நல்ல சாப்பாட்டில் பெரும்பகுதி தள்ளுவண்டியிலும் வீட்டு வாசலிலும் இருக்கிறது. போன் அதைக் காட்டாது, அதற்கு மனிதர்களைத்தான் கேட்கவேண்டும்.

கேட்பதிலும் முறை இருக்கிறது. தோளில் பையும் காலில் ஷூவுமாக நின்று "நல்ல ஓட்டல் எங்கே" என்று கேட்டால், உங்களுக்கு மரியாதை செய்வதாக நினைத்து ஏசி ஓட்டலைத்தான் காட்டுவார்கள். பண்டத்தையும் நேரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். "அண்ணே, மத்தியானம் மீன் குழம்பு சாப்பாட்டுக்கு நீங்க எங்க போவீங்க?" என்றால் முகமே மாறிவிடும், கூடவே வந்து தெருமுனை வரை காட்டுகிறவர்களும் இங்கே உண்டு. ஸ்டான்லி மருத்துவமனை வாசலில் நிற்கிற ஆட்டோக்காரர்கள், பயிற்சி மருத்துவர்கள், மின்சார வாரிய லைன்மேன்கள், கூரியர் பையன்கள் நல்ல ஆட்கள், வெளியில் சாப்பிட்டே ஆகவேண்டிய வேலை அவர்களுடையது. இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேட்டு இருவரும் ஒரே கடையைச் சொன்னால் யோசிக்காமல் போகலாம். விடுதி வரவேற்பில் கேட்பதென்றால் இரவு ஷிப்ட் பையனைக் கேளுங்கள், அவன் தன் காசில் சாப்பிடுகிறவன்.

வடசென்னை என்றாலே பயமாயிருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். சினிமா பார்த்து வந்த பயம் அது. சாப்பாட்டுக் கடை இருக்கிற தெருக்களில் இரவு பத்து மணிக்கும் பெண்கள், பிள்ளைகள், வயதானவர்கள் நடமாட்டம் இருக்கும். எந்தப் பெருநகரத்திலும் எடுக்கிற கவனத்தை எடுங்கள், அதற்குமேல் வேண்டியதில்லை. "அண்ணே", "அக்கா" என்று பேச்சைத் தொடங்கினால் வேறு எந்தப் பகுதியிலும் கிடைக்காத அன்பு இங்கே கிடைக்கும்.

சரி, பார். இதில் நேராகவே சொல்கிறேன்: நீங்கள் நினைக்கிற மாதிரி உட்கார்ந்து பேசுகிற பார் ராயபுரம் வட்டாரத்தில் தேடி அலைவதில் பயனில்லை. தமிழ்நாட்டில் 2003இலிருந்து சில்லறை மது விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். கடை பகல் பன்னிரண்டு முதல் இரவு பத்து வரை, அதையொட்டிய பார்கள் குடித்துவிட்டுக் கிளம்புகிற இடங்கள். சத்தம், நெரிசல், பிளாஸ்டிக் நாற்காலி. தனியாகப் போகிற ஆணுக்கு ஆபத்து என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒரு பெண் சக ஊழியரோடு உட்காருகிற இடம் அது இல்லவே இல்லை. உங்களுக்குத் தேவையானது உரிமம் பெற்ற ஓட்டல் பார், அவை எழும்பூர், அண்ணாசாலைப் பக்கம்தான் நிறைய. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அண்ணாசாலைக்கு நேராகப் போகலாம், எழும்பூருக்குச் சென்ட்ரலில் மாறவேண்டும். இரவு பதினொன்று வரை வண்டி உண்டு, அதற்குள் திரும்பிவிடுங்கள்.

ஓட்டல் பாரைத் தேர்ந்தெடுக்க நான் சொல்வது: முதலில் போனில் கூப்பிட்டு, குடும்பத்தோடு உட்காரத் தனிப் பகுதி உண்டா, பீர் என்ன விலை, வரிக்கு மேல் வேறு என்ன சேர்ப்பீர்கள் என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்கிற இடம் பெரும்பாலும் ஒழுங்கான இடம். சேவைக் கட்டணம் என்று பில்லில் தானாகச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது, போட்டிருந்தால் எடுக்கச் சொல்லலாம். ஏழு மணிக்குள் போனால் இடமும் அமைதியும் கிடைக்கும். 21 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது சட்டம், பார்க்க இளமையாக இருந்தால் அடையாள அட்டை வைத்துக்கொள்ளுங்கள். காந்தி ஜெயந்தி, சுதந்திர தினம், திருவள்ளுவர் தினம், மே தினம், மிலாடி நபி, மகாவீர் ஜெயந்தி போன்ற நாள்களில் டாஸ்மாக்கும் பாரும் அடைப்பு, தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடற்கரையிலோ தெருவிலோ பாட்டிலைத் திறக்க வேண்டாம், போலீஸ் வழக்குப் போடும். டாஸ்மாக்குக்குள் போகாவிட்டாலும் அதன் வாசலில் இருக்கிற வண்டிகளை மறக்காதீர்கள். அவித்த வேர்க்கடலை, சுண்டல், நெத்திலி வறுவல், ஆட்டு ஈரல் எல்லாம் விற்றுத் தீர்கிற வேகத்தில் போட்டி போடுகிற கடைகள் அவை. இருட்டுவதற்கு முன் போய், பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு விடுதிக்கு வந்து சாப்பிடலாம்.

வயிறு பழகாதவர்களுக்கு: தண்ணீர் பாட்டிலோடு திரியுங்கள், தெருவில் ஐஸ் போட்ட ஜூஸ் வேண்டாம், முதல் நாளே எல்லாவற்றையும் சேர்த்துச் சாப்பிடாதீர்கள். சூடாகக் கண்முன் செய்து தருவதைத் தைரியமாகச் சாப்பிடுங்கள், நறுக்கி வைத்த பழத்தையும் ஆறிப்போன சட்னியையும் விடுங்கள்.

உங்கள் நாள்களுக்குப் பொருத்திப் பார்த்தால், வியாழன் மதியம் பாரிமுனைச் சாப்பாடு, மாலை சௌகார்பேட்டை. வெள்ளி மதியம் ஜும்மா முடிந்து இரண்டு மணிக்கு மண்ணடியில் பிரியாணி, அந்த நேரத்துக்கு அண்டாவில் மிச்சம் இருக்குமா என்று காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். புரட்டாசியில் வந்தால் பிரியாணிக்கு ஆள் குறைவு, அண்டாவும் சின்னது, அதனால் இன்னும் சீக்கிரம் போகவேண்டும். உங்கள் தோழிக்கு அந்த மதியம் தனியாகப் பாரிமுனையே போதும். வெள்ளி மாலை எழும்பூர்ப் பக்கம் பீர். சனி மதியம் ராயபுரத்தில் மீன் சாப்பாடு, இரவு அத்தோ. ஞாயிறு விடியலில் எழ முடிந்தால் காசிமேட்டுக்கு நடந்துபோய் வாருங்கள், அன்றுதான் கூட்டமும் அதிகம் விலையும் அதிகம், வாங்காவிட்டாலும் பார்க்கவேண்டிய சந்தை. திரும்பும் வழியில் இட்லி சாப்பிட்டுவிடுங்கள், ஒன்பதரைக்கு முன்.